பின் கதவின் புது ரெக்சின்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெரம்பலூரில் நாங்கள் பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போடும் ஆபீஸுக்கு ஓர் அம்பாசிடர் டாக்சி வந்தது.
2. வண்டி பழையது. உள்ளே மட்டும் நான்கு கதவுகளிலும் டேஷ்போர்டிலும் புது ரெக்சின்.
3. யார் ஒட்டியது என்று கேட்டோம். தானே ஒட்டியதாக வண்டிக்காரர் சொன்னார்.
4. இது வெள்ளத்தில் நின்ற வண்டி என்று எங்கள் சார் சொன்னார்.
5. வண்டிக்காரர் உடனே ஒப்புக்கொண்டார்.
6. அவர் ஒப்புக்கொண்டதை நான் நம்பவில்லை.

இதை எழுத வைத்தவள் நித்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு அதே வேலைக்கு வந்த பெண். போன மாதம் அவள் தன் காரின் கதவுப் பட்டைகளுக்கும் டேஷ்போர்டுக்கும் வினைல் ஷீட் வரவழைத்துத் தானே ஒட்டியிருக்கிறாள். படம் எடுத்து அனுப்பி, எப்படி இருக்கிறது மேடம் என்று கேட்டாள். 'அடியில் என்ன இருந்தது?' என்று பதில் போட்டேன். அவளுக்கு வருத்தம். கீறல்தான் மேடம், வேறு என்ன இருக்கும் என்றாள். அப்புறம் ஏன் அப்படிக் கேட்டேன் என்று விடாமல் கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். வினைல் என்று அவள் சொல்வதைத்தான் நாங்கள் அப்போது ரெக்சின் என்போம்.

நான் திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தேன். எண்பதுகளின் தொடக்கம். படித்து முடித்ததும் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் ஒரே பதில், பொம்பளப் பிள்ளைக்கு வண்டிக்கு அடியில் என்ன வேலை என்பதுதான். தாமோதரன் சார் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அவருக்கு இடுப்பு வலி. "என்னால குனிய முடியாது. உன்னால முடியுமா?" என்றார். முடியும் சார் என்றேன். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். சேலைக்கு மேல் ஒரு காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு அன்று மதியமே ஒரு டெம்போவுக்கு அடியில் படுத்தேன்.

வேலை இதுதான். பழைய வண்டி வாங்குகிறவர்களோ அதற்குக் கடன் கொடுக்கிறவர்களோ வண்டியை எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் பார்த்து, என்ன நிலையில் இருக்கிறது, என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்போம். நான் பார்த்து எழுதுவேன், சார் கையெழுத்துப் போடுவார்.

சார் யாரையும் நம்பமாட்டார். டீக்கடையில் கிளாஸைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். வண்டி வந்தால் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். நேரே போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, நான்கு கதவையும் சாத்தச் சொல்லி, மூக்கால் மூச்சு இழுப்பார். பிறகு கட்டை விரலால் கதவு, கூரை, சீட்டின் முதுகு என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். இறங்கி வந்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைத்த பிறகுதான் முதல் கேள்வி. அதே கேள்வியை வேறு வேறு விதமாக மூன்று தரம் கேட்பார். பதில் மூன்றும் ஒன்றாக இருந்தாலும் சந்தேகம்தான். "மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான்" என்பார். பழைய வண்டியில் புதிதாக எது இருக்கிறதோ அதை முதலில் பார் என்பது ஆபீஸில் எழுதாத சட்டம்.

அந்த அம்பாசிடரை ஓட்டி வந்தவர் செல்லமுத்து. குன்னம் பக்கத்து ஊர்க்காரர், அரியலூர் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டுகிறவர். அவர் அப்பா அடுத்தவர் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவராம். இவர் லாரியில் கிளீனராகப் போய், ஓட்டப் பழகி, சொந்தமாக ஒரு வண்டி வாங்கிவிட்டார். இப்போது அதை விற்றுவிட்டு, ஒரு டெம்போ எடுத்து வெங்காய லோடு அடிக்கப் போவதாகச் சொன்னார். வாங்க வந்தவர் லப்பைக்குடிக்காட்டு ஜமால். துபாயில் இருந்து திரும்பியவர், தன் தம்பிக்கு ஒரு டாக்சி வைத்துக் கொடுக்க நினைத்தார். கல்யாண வாடகை, செட்டிகுளம் கோயில் வாடகை என்று தம்பி ஓட்டட்டும் என்பது கணக்கு. "ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாத்துருங்க சார். நாளைக்கு லுஹர் தொழுதுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார் பின் சீட்டில் உட்கார்ந்து மூச்சு இழுத்தார். இறங்கி வந்து வெற்றிலை மடித்தார். எங்கே ஒட்டினது என்று கேட்டார். வூட்டுல தாங்க என்றார் செல்லமுத்து. யார் ஒட்டினது? நானேதாங்க. டவுனில் கடை இருக்க, நீயே எதுக்கு ஒட்டினே?

"ஆசதாங்க."

ஆசைக்கு ரெக்சின் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் விற்கப் போகிற வண்டிக்கா? நான் வேறு வழியில் போனேன். எப்படி ஒட்டினீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். பொய் சொல்கிறவர் இந்த இடத்தில் தடுமாறுவார். செல்லமுத்து தடுமாறவில்லை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் வளையத்தை உள்ளே அழுத்தி, வளைத்த கம்பியால் பின்னைத் தட்டி எடுத்தாராம். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையை நெம்ப வீட்டுத் தோசைத் திருப்பி. பழைய ரெக்சினை உரித்து, அட்டையில் ஒட்டியிருந்த பிசினைப் பெட்ரோல் துணியால் துடைத்திருக்கிறார். புது ரெக்சினைச் சுற்றிலும் நான்கு விரல் கூடுதலாக விட்டு வெட்டி, வெயிலில் போட்டு இளக வைத்திருக்கிறார். அட்டையிலும் ரெக்சினிலும் சொல்யூஷன் தடவி, புறங்கையால் தொட்டால் ஒட்டாத பக்குவம் வரும்வரை பொறுத்து, நடுவில் தொடங்கி ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறார். மூலையில் முக்கோணமாக வெட்டி மடித்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாராம். டேஷ்போர்டின் வளைவுக்கு மட்டும் வெந்நீர்த் துணி வைத்து இழுத்தாராம். "சம்சாரம் இன்னும் தோசைத் திருப்பியக் கேட்டுக்கிட்டு இருக்குதுங்க" என்றார். அவர் நகத்தில் சொல்யூஷன் காய்ந்து ஒட்டியிருந்தது.

ஒட்டியது அவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. ஏன் என்பது மட்டும் போகவில்லை. அரியலூரில் சீட்டு தைக்கிற கடை அவர் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. அதைத் தாண்டி, திருச்சிக்குப் போய் ரெக்சின் வாங்கி வந்து, கிராமத்தில் வீட்டுக்குள் வைத்து ஒட்டியிருக்கிறார். யார் கண்ணிலும் எதுவோ படக்கூடாது என்று நினைத்திருக்கிறார். என்ன அது?

முன் கதவுகள் இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. பின் கதவுகளில் ரெக்சின் லேசாக அலையடித்தது. முன் கதவில் அவ்வளவு சுத்தமாக ஒட்டிய கை பின் கதவில் கோணலாக ஒட்டாது. அடியில் இருக்கிற அட்டைதான் கோணல். சார் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. ஈரம் குடித்து ஊறி, பிறகு காய்ந்த அட்டை அப்படித்தான் கொடுக்கும்.

"வெள்ளத்துல நின்ன வண்டி" என்றார் சார்.

"ஆமாங்க" என்றார் செல்லமுத்து. "போன மழைக்கு வெள்ளாத்துத் தண்ணியில நின்னுடுச்சுங்க. மறைக்கணும்னு இல்லீங்க. எழுதிக்குங்க."

சாருக்குத் திருப்தி. எனக்கு அங்கேதான் உறுத்தியது. வெள்ளத்து வண்டியை விற்க வருகிறவர்களை அதற்குள் நான் போதுமான அளவு பார்த்திருந்தேன். முதலில் இல்லவே இல்லை என்பார்கள். பிறகு பிள்ளை மேல் சத்தியம் செய்வார்கள். பிறகு முன்னால் வைத்திருந்தவன் தலையில் போடுவார்கள். இவர் எதையும் செய்யவில்லை. கேட்டவுடன் நீட்டிவிட்டார், கையில் தயாராக வைத்திருந்த மாதிரி. இவ்வளவு பாடுபட்டு மறைத்தவர் ஒரு விரல் அழுத்தலில் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

சரி, வெள்ளம் என்றால் வெள்ளத்தின் அடையாளம் இருக்க வேண்டும். முன் விளக்கைக் கழற்றிக் கிண்ணத்துக்குள் பார்த்தேன். வெள்ளத் தண்ணீர் புகுந்த கிண்ணத்தில் வண்டல் படிந்திருக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. இதில் ரோட்டுப் புழுதிதான். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்திலும் புழுதி. முன் சீட்டின் அடியில் ஸ்பிரிங் துருப்பிடிக்கவில்லை. வயர்களின் முனையில் பச்சை பூக்கவில்லை. பின் சீட்டின் அடியில் மட்டும் தரை துருவேறிப் பொரிந்திருந்தது. அதிலும் இடது பக்கம் அதிகம். வண்டியின் பின்பாதியில் இடது பக்கத்தை மட்டும் தேடி வந்து நிற்கிற வெள்ளத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

"அவனே ஒத்துக்கிட்டான்ல. அப்பறம் என்ன நோண்டற, சுகுணா?" என்றார் சார்.

இடது பின் கதவின் அட்டையைக் கழற்ற வேண்டும் என்றேன். செல்லமுத்து எனக்கும் கதவுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"முன்னால வேணா கழட்டிப் பாருங்கம்மா. இத வேணாம். திரும்ப ஒட்டாது."

அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்த சார் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "கழட்டு" என்றார்.

அட்டை கையோடு வந்தது. பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளத்தின் கறை கீழிருந்து ஏறும். ஓர் உயரத்தில் நேர்கோடாக நின்றுவிடும். நான்கு கதவிலும் அதே உயரத்தில் இருக்கும். இது கோடு இல்லை. ஜன்னல் ஓரத்திலிருந்து தாரை தாரையாக வழிந்திருந்தது. மேலிருந்து கீழே. ஒன்றின் மேல் ஒன்றாக, புதியதும் பழையதுமாக. நிறமும் சேற்றின் நிறம் இல்லை. வெயில் படாத இடம் என்பதால் வெளுக்காமல் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது.

எண்ணெய்க் கறையாகவும் இருக்கலாம், பெயிண்டாகவும் இருக்கலாம். ஊகத்தில் எழுதக்கூடாது. சாரின் வெற்றிலைப் பெட்டியைக் கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தார், ஆனால் கொடுத்தார். விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து, தண்ணீரில் நனைத்து, அந்தக் கறையில் தேய்த்தேன். சிவந்தது. ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த சிவப்பு.

"மஞ்சத் தண்ணி சார். உள்ளாற ஊத்திக் கழுவியிருக்காங்க. ஒரு தடவ இல்ல."

சார் மெல்லுவதை நிறுத்திவிட்டார். செல்லமுத்துவைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"எத்தன பொணம்?"

"எண்ணலைங்க" என்றார் செல்லமுத்து.

அப்புறம் அவராகவே சொன்னார். திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறவர்களை ஊருக்குக் கொண்டுவர அரியலூர் ஸ்டாண்டில் மற்ற வண்டிகள் வராது. ஒரு முறை பக்கத்து வீட்டுக்காரருக்காகப் போனார். அதன்பின் எல்லாரும் இவரைத்தான் தேடி வந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு முறையும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் வண்டியை வாசலில் நிறுத்தக் கூடாது என்பது மனைவியின் கண்டிப்பு. ஒரு குடம் கரைத்து, பிணத்தை ஏற்றி இறக்குகிற இடது கதவில் தொடங்கிப் பின்பக்கம் முழுக்க ஊற்றுவார். கதவுக் கண்ணாடியின் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கி அட்டையைத் தின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. தெரிய வந்தபோது ஸ்டாண்டில் வண்டியைக் கடைசியில் புளியமரத்தடிக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். செல்லமுத்து வண்டிக்குத் திரும்பி வர வாடகை கிடையாது என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்களாம். ஒரு கல்யாணத்தில் மாலை கட்டி அலங்கரித்த பிறகு, பெண்ணின் மாமன் நம்பரைப் பார்த்துவிட்டு மாலையை அவிழ்க்கச் சொன்னாராம். அதிலிருந்து ஆஸ்பத்திரி வாடகை மட்டும்தான். இந்த வண்டி கையை விட்டுப் போனால்தான் இவர் வேறு தொழிலுக்குப் போக முடியும். கடையில் கொடுத்தால் அட்டையைக் கழற்றியதும் மஞ்சளைப் பார்ப்பார்கள். அதனால்தான் தோசைத் திருப்பி, அம்மிக்கல் எல்லாம். பெரம்பலூரில் இந்த வண்டியைத் தெரிந்தவர் இல்லை.

"வெள்ளம்னே எழுதிக் குடுத்துடுங்கம்மா" என்றார். "வெள்ளம்னா வெலையத்தான் கொறைப்பாங்க. இதுன்னா வண்டியத் தொடவே மாட்டாங்க."

எழுதிடு, அவனுக்கும் நல்லது, நமக்கும் வேலை முடிஞ்சுது என்றார் சார். யாரையும் நம்பாத மனிதர் ஒரு பொய்யை எழுதச் சொன்னது அன்று ஒரு தடவைதான். மனம் இரங்கியதாலா, மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதாலா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

நான் யோசித்தது இப்படி. வெள்ளம் என்று எழுதினால் ஜமால் நல்ல இன்ஜினை அனாவசியமாகப் பிரித்துப் பார்ப்பார். நாளை வயரிங்கில் வேறு எதற்காகவோ கோளாறு வந்தாலும் அந்த வெள்ளத்தின் மேல் பழி போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தேடாமல் விடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், நான் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்கவில்லை.

"பாக்காத வெள்ளத்த எப்படி சார் எழுதறது?"

சார் என்னையும் செல்லமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பாத்தத எழுது. ஆனா பாத்தத மட்டும் எழுது."

அப்படியே எழுதினேன். பின் கதவு அட்டைகளும் பின் தரையும் மேலிருந்து ஊற்றிய தண்ணீரால் கெட்டிருக்கின்றன. வெள்ளத்தில் நின்றதற்கான அடையாளம் இல்லை. இன்ஜினும் வயரிங்கும் நன்றாக உள்ளன. எதற்காக ஊற்றினார்கள் என்பதை எழுதவில்லை. நான் எழுதிக்கொண்டிருக்கும்போது செல்லமுத்து அட்டையைத் திரும்ப மாட்டினார். அவர் சொன்னது சரி. ரெக்சினின் ஓரம் திரும்ப ஒட்டவில்லை.

மறுநாள் ஜமால் வந்து அறிக்கையைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். சந்தேகத்துக்குச் சார் மட்டும் குத்தகை எடுத்திருக்கவில்லை என்று தெரிந்தது.

"மேல இருந்து தண்ணி ஊத்துனதுன்னு போட்டிருக்கீங்க. டாக்சிக்குள்ளாற யாரு தண்ணி ஊத்துவா?"

அதை வண்டிக்காரரிடம் கேளுங்கள் என்றேன். செல்லமுத்து வெளியே வண்டியின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். ஜமால் அவரிடம் போனார். என்ன பேசினார்கள் என்று முழுதும் கேட்கவில்லை. கடைசியில் ஜமால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது கேட்டது.

"மவுத்தானவங்கள வூடு சேத்திருக்கீங்க. எனக்கு இதுல ஒண்ணும் இல்லண்ணே. ஆனா தம்பி கல்யாணத்துக்கு ஓட்டணும். கேக்கறவங்ககிட்ட அவன் என்னன்னு சொல்லுவான்?"

அவர் போன பிறகு செல்லமுத்து உள்ளே வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரே ஒரு பொய்யிதாம்மா. அதுவும் என் வண்டியப் பத்தி, எனக்கே நட்டம் வர்ற பொய்யி. அதக்கூட எழுத மாட்டேன்னுட்டீங்க."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பின் கதவுகளில் ரெக்சினும் அட்டையும் இனி வேண்டாம். தகரம் வெட்டி அடியுங்கள், பெயிண்ட் பூசுங்கள், கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். எவ்வளவு கழுவினாலும் கெடாது. அவர் கேட்ட மாதிரியே இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் கொஞ்ச நாள், சார் என் அறிக்கைகளை வழக்கத்தைவிட நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எதைத் தேடினார் என்று நான் கேட்கவில்லை.

மறு வருஷம் சாரின் அண்ணன் திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அரியலூரில்தான் அவர் குடும்பம். எந்த வண்டியும் வரவில்லை என்று சார் தானே ஸ்டாண்டுக்குப் போய்ப் புளியமரத்தடியில் நின்றாராம். காரியம் எல்லாம் முடிந்து ஆபீஸுக்கு வந்தவர், முதலில் வெற்றிலை மடித்து வாயில் வைத்தார்.

"தகரம் நல்லா அடிச்சிருக்கான்" என்றார். "ஓட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்."

அண்ணனைக் கொண்டுவருகிற வழியிலும் அவர் கட்டை விரல் சும்மா இருக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.

நித்யா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். கடைசியில் அந்த வண்டி விற்றதா மேடம்?

விற்கவில்லை. செல்லமுத்து டெம்போ வாங்கவில்லை. அந்த அம்பாசிடர் ஓடுகிறவரை ஆஸ்பத்திரி வாடகைதான் ஓட்டினார், முன் கதவுகளில் தான் ஒட்டிய ரெக்சினோடும் பின் கதவுகளில் தகரத்தோடும். என் அறிக்கையில் ஒரு வரிகூடத் தவறில்லை. நித்யாவின் காரில் இரண்டு முறை போய் வந்துவிட்டேன். வேலை சுத்தம். இடது பின் கதவில், அடி ஓரத்தில் மட்டும் ஓரிடத்தில் ஷீட் எழும்பியிருக்கிறது. இன்னும் அழுத்திப் பார்க்கவில்லை.